சுரண்டி எடுத்த சிவப்புக் கோடு

எய்லிஃப்,

மீன் சூப் ஃபிரிட்ஜில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். படகுச் சாவியைத் தேடாதே, என் பையில் இருக்கிறது.

போன ஞாயிறு நான் ஃபியோர்டுக் கடலில் படகோட்டி நாலு மணி நேரம் சுற்றியது பொழுதுபோகாமலா? ப்ரொப்பெல்லர் டிரைவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, எந்த இடத்தில் படகின் முன்பக்கம் குதிக்க ஆரம்பிக்கிறது என்று பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே டிரைவ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் டிரிம் மீட்டரில் சிவப்புக் கோடு போட்டேன். வேகமாகப் போகும்போது முள் அதைத் தாண்டக் கூடாது. உன் தம்பி சிரித்தான் என்று நீ அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, நேற்று அவன் முன்னால் முழு வேகத்தில் டிரைவைத் தூக்கிக் காட்டினாய். படகு குதித்தது. குழந்தை சுன்னிவாவுக்கு மோவாயில் மூன்று தையல்.

மெக்கானிக் பதினொரு மணிக்கு வருகிறார், மாற்றுச் சாவி அவரிடம் இருக்கிறது. ஓடும்போது டிரைவ் அந்தக் கோட்டுக்கு மேல் ஏறாதபடி செய்யச் சொல்லியிருக்கிறேன். படகை நிறுத்தி முழுதாகத் தூக்கினால் படகின் பின்பலகையில் இடிக்கிறதா என்றும் பார்ப்பார். "அவளுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்று அவரிடமும் ஆரம்பிக்காதே. காபி மட்டும் கொடு.

யோருன்

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். "அப்பாவைத் திட்டாதம்மா, நான்தான் கம்பியைச் சரியாப் பிடிச்சுக்கல" என்று காலையில் சுன்னிவா சொன்னாள். இரண்டரைக்குப் பள்ளியிலிருந்து அவளைக் கூட்டி வா. தப்பு யாருடையது என்று வழியிலேயே நீ சொல்லிவிடு.