மெசினுக்குப் பின்னால் நின்ற கை

கராமா, துபாய்
ஞாயிறு காலை

அன்பு மகன் சுஜந்தனுக்கு அப்பா எழுதுவது. வல்லிபுர ஆழ்வார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் தங்கச்சி தர்மிகாவும் சுகம், உன்னையும் அவர் அப்படியே வைத்திருக்க வேண்டும். ஜப்பானில் இப்போது மழைக்காலம் என்று தர்மிகா சொன்னாள், ஈரத் தலையோடு படுத்துவிடாதே. இங்கே வெயில் கொளுத்துகிறது, பஸ் தரிப்பில் ஐந்து நிமிடம் நின்றால் சட்டை தோய்ந்துவிடும். தர்மிகாவின் ஆபீஸ் சத்வாவில் இருந்து தூரத்துக்கு மாறிவிட்டது, அதற்கும் என்னைத்தான் ஏசுகிறாள். இப்படியே ஊர்க்கதை எழுதிக்கொண்டு போனால் தாள் முடிந்துவிடும், சொல்ல வந்ததைச் சொல்ல மாட்டேன். போனில் சொல்லலாம் என்று மூன்று தரம் எடுத்தேன், திரையில் உன் முகத்தைக் கண்டதும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன், முடிந்ததும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவேன்.

போன கிழமை நீ அம்மாவிடம், பேஸ்பாலில கீழ விழுகிற பந்து ஒண்டும் எனக்குத் தெரியுதில்லை அம்மா, என்ர கண்ணிலதான் ஏதோ பிழை என்று சொன்னாயாம். டொக்டர் கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லியும் வேறொரு கிளினிக்கில் லேசர் வைக்க வியாழக்கிழமை நாள் எடுத்திருக்கிறாயாம். அம்மா நேற்று பர் துபாய்க்குப் போய் வெள்ளியில் கண் வடிவில் செய்த ஒரு சோடி கண்மலர் வாங்கி வந்தாள், ஊருக்குப் போகும்போது கோயிலில் கொடுக்க நேர்த்தியாம். என் கையில் தந்து, பிள்ளையின்ர கண்ணுக்காகக் கும்பிடுங்கோ என்றாள். நான் கும்பிடாமல் திருப்பிக் கொடுத்தேன். மகன், உன் கண்ணில் ஒரு பிழையும் இல்லை. பிழை செய்தவன் நான்.

உனக்குப் பதினாலு வயதில் நான் வேலை செய்கிற பேஸ்பால் பயிற்சிக் கூடத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். பந்து எறிகிற மெசினுக்குப் பின்னால் நிற்பதுதான் என் டியூட்டி. பந்தைப் போடுமுன் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி அடிக்கிறவனுக்குக் காட்ட வேண்டும், எல்லாப் பந்துக்கும் ஒரே மாதிரி, அதுதான் முறை. நேராக வந்து கடைசியில் கீழே விழுகிற, அடிக்காமல் விட வேண்டிய பந்துக்கு நீ மட்டையை வீசி வீசித் தோற்று அழுவாய். பாவம் என்று, அந்தப் பந்து வரும்போது மட்டும் கையைத் தோளோடு நிறுத்தினேன். ஒரு மாதத்துக்கு என்றுதான் நினைத்தேன், ஏழு வருசம் ஓடிவிட்டது. நீ அறிந்து பார்த்தாயோ, உன் கண் தானாகப் பழகியதோ எனக்குத் தெரியாது. இங்கே நடக்கிற ஆட்டங்களில் அப்படி விழுத்திப் போட ஆள் இல்லாதபடியால் குட்டு வெளிப்படவும் இல்லை.

போன வருசம் உன் அணிக்கு ஆள் தெரிவு செய்ய ஜப்பானில் இருந்து ஒருவர் வந்தாரே, அவர் பெடியள் நீங்கள் எவ்வளவு தூரம் அடிக்கிறீர்கள் என்று பார்க்கவே இல்லை. பலத்தைச் சாப்பாடு போட்டு வளர்த்துவிடலாம், அடிக்கக் கூடாத பந்தை விடுகிற கண்ணை இந்த வயதுக்குப் பிறகு பழக்குவது கஷ்டம், அதனால் விட்ட பந்தைத்தான் எண்ணுகிறேன் என்று என்னிடம் சொன்னார். பந்து போக வேண்டிய வரிசையைத் தாளில் எழுதி என்னை நம்பித் தந்தார். ஆளுக்கு இருபது, அதில் எட்டு விழுகிற பந்து. உனக்கு அந்த எட்டுக்கும் என் கை தோளோடு நின்றது, நீ ஏழைத் தொடாமல் விட்டாய், அவர் பேனையை வைத்துவிட்டு உன்னை நிமிர்ந்து பார்த்தார். கைப் பழக்கத்தில் நடந்தது என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பச்சைப் பொய். உனக்கு அடுத்து நின்ற உன் கூட்டாளி ரிபாய்க்கு எட்டுத் தரமும் என் கை மேலேதான் போனது. பழக்கம் என்றால் அவனுக்கும் தோளில் நின்றிருக்கும்.

ரிபாய் இப்போது ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுகிறான். வெள்ளிக்கிழமை பின்னேரம் கேற்றடியில் காத்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். அது எனக்குத் தெரியும் அங்கிள் என்றான். தன் முறைக்குக் காத்து வலைக்குப் பின்னால் நின்றபோது, நீ அடிக்கையில் என் கையைக் கவனித்தானாம். எனக்கும் கை தோளில நிக்கும் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டன், நிக்கேல்லை, அப்ப எல்லாம் நேர்ப்பந்துதான் எண்டு நினைச்சு வீசினன் என்றான். எட்டில் ஆறுக்கு வீசியவன் அவன். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னா சுஜனையும் எடுத்திருக்க மாட்டினம் என்றான். பிறகு, மகன், அவன் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தான். ஐம்பத்தாறு வயதில் லொறிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். வெட்கக்கேடு.

வியாழக்கிழமை லேசரை இன்றைக்கே ரத்துச் செய். நல்ல கண்ணில் யாரையும் கை வைக்க விடாதே. ஆள் தெரிவு செய்ய வந்த அந்த மனிதருக்கு எல்லாவற்றையும் எழுதி, ரிபாயை இன்னொரு தரம் பார்க்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். செவ்வாய் வரை பொறுப்பேன், அதற்கு முன் உன் பயிற்சியாளரிடம் நீயே உன் வாயால் சொல்லிவிடு. உன்னை அணியில் வைத்திருந்தார்கள் என்றால் கூச்சப்படாமல் முதலில் இருந்து பழகு. திருப்பி அனுப்பினால் வா ராசா, உன் கட்டில் அப்படியே இருக்கிறது. என்னோடு கதைக்க மனம் வராவிட்டாலும் அம்மாவுக்குக் கோல் எடுக்காமல் இருந்துவிடாதே.

நீ நோய்நொடி இல்லாமல் நல்லாய் இருக்க வேண்டும். ஆசீர்வாதம் செய்யக் கையைத் தூக்கவும் கூச்சமாய் இருக்கிறது, ஆனாலும் தூக்குகிறேன்.

உன் அப்பா,
மகேசன்

பி.கு.: படம் எடுக்க வைத்திருந்த தாளை அம்மா எடுத்து முழுக்க வாசித்துவிட்டாள். ஏசவில்லை. கண்மலரைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பிறகு, இஞ்சருங்கோ, கையும் வெள்ளியில விக்கிறவங்களோ, ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ என்றாள்.