மேல் துளையில் ஒரு பேனா

சிலிபின், ஈப்போ, மலேசியா

தம்பிக்கு,

நேற்று வீடியோவில், "ஜப்பான்ல ரொம்ப குளிர் லா அக்கா, வேலை நல்லாருக்கு" என்றாய். அம்மா உன் முகத்தை மட்டும் பார்த்தார். நான் உனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன்.

நம் வீட்டில் செய்வதுபோலவே மூன்று துளை பிளக் பாயிண்டின் மேல் துளையில் பேனாவைக் குத்தி, உன் ரெண்டு பின் சார்ஜரைச் செருகியிருந்தாய். முதலில் சிரிப்புத்தான் வந்தது.

நீ கிளம்புமுன் நாம் அடாப்டர் வாங்கியபோது கடைக்காரர் சொன்னது நினைவிருக்கிறதா? "ஜப்பான்ல ரெண்டு ஓட்டைதான் தங்கச்சி. மூணாவது கிடையாது."

"அடாப்டர் சரியா இருக்கா?" என்று கேட்டேன். பதில் சொல்லுமுன் நீ பக்கத்தில் யாரையோ பார்த்தாய். பிறகு, "எல்லாம் சரியா இருக்கு அக்கா" என்றாய்.

உன்னைக் கூட்டிப்போன ஏஜெண்ட் போனை எடுப்பதில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உறையில் உன் பெயரை எழுதிவிட்டேன். அதற்குக் கீழே எந்த நாட்டை எழுதுவது?

உன் அக்கா