எலும்புக்கு நல்ல அரிஷ்டம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இவருடைய தொடை எலும்பு இன்னும் கூடவில்லை. ஆரியசாலைக் கடையில் மல்லி மூட்டையோடு பரணிலிருந்து விழுந்து, ஆபரேஷன் செய்து, கம்பி வைத்து மாதக்கணக்காகிறது. இன்று டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "குடி உண்டோ?" என்று கேட்டார். குடித்தால் எலும்பு கூடத் தாமதமாகுமாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "விழுந்த அன்னையோட நிப்பாட்டியாச்சு டாக்டரே. நாந்தான் பக்கத்துலேயே இருக்கேன்லா" என்றேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிப் படிகளில் இவரைத் தாங்கி இறக்கியதில் என் இடுப்பு விட்டுப்போயிற்று. வீட்டுக்கு வந்ததும் இவருடைய அரிஷ்டத்தில் கொஞ்சம் எனக்கும் ஊற்றிக்கொண்டேன். எலும்புக்கு நல்லது என்று இவருடைய தம்பி வைத்தியசாலையிலிருந்து வாங்கி வருவது. புளிக்க வைத்த மருந்து, அரிஷ்டம் என்றால் நெடி இருக்கத்தானே செய்யும் என்று நானும் இருந்துவிட்டேன்.

வாயில் வைத்ததும் தெரிந்தது. ரம்.

தினமும் இரண்டு வேளை இதை அளந்து கொடுத்தது நான். இவர் கசக்கிறது என்று முகத்தைச் சுளிப்பார். நான் அதட்டிக் குடிக்க வைப்பேன். வைத்தியர் அளவைக் கூட்டச் சொன்னதாகத் தம்பி வந்து சொன்னான்; கூட்டினேன்.

சண்டை போடவும் தெம்பில்லை. குப்பியை எதிரே வைத்துக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே கட்டில் கிரீச்சிடுகிறது. கூப்பிடுகிறார்.

"ஏட்டி, இன்னைக்கு மருந்து தரல்லியா?"