அண்ணாச்சி இல்லாத சீசன்

ஆக. 29, வெள்ளி

காலையிலிருந்து புழுக்கம். மேகம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறது, மழையைக் காணோம். சாந்தோம் ரோடு முழுக்கக் காவி உடுத்தி பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு நடக்கிற கூட்டம். இன்று கொடியேற்றம். ஸ்கூலுக்கு லேட்.

செய்ய வேண்டியது: 8-ம் வகுப்பு கணக்குப் பேப்பர். கேஸ் புக் பண்ண வேண்டும். மிக்ஸி ஜாடி ரிப்பேர்.

ஒன்றும் செய்யவில்லை. மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் போனைத் திறந்தால், எங்கள் ஃபுட்பால் கிளப் போட்டிருக்கிறது: "நன்றி, எடுவார்டோ." ஒரு போட்டோ, ஒரு வரி. போன வாரம் கோல்கீப்பருக்கும் டிஃபென்ஸில் நிற்கிற ஸ்டாப்பருக்கும் இதே மாதிரி ஒரு வரி. மூன்று பேரும் முப்பதைத் தாண்டியவர்கள். போன சீசனில் டீமைத் தூக்கி நிறுத்தியதும் அதே மூன்று பேர்தான்.

எடுவார்டோ என்று எங்கள் ஸ்டாண்டில் யாரும் கூப்பிட்டதில்லை. அண்ணாச்சி. மளிகைக்கடை அண்ணாச்சி தராசில் நிறுத்துக் கொடுக்கிற மாதிரி பாஸ் கொடுப்பான், கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது என்று எங்கள் டிரம்காரர் பஷீர் பாய் வைத்த பெயர். அந்த பிரேசில்காரனுக்கு யாரோ அர்த்தம் சொல்லிவிட்டார்கள். அப்புறம் கையெழுத்தே இங்கிலீஷில் 'அண்ணாச்சி' என்றுதான் போடுவான்.

பாத்ரூமில் போய் அழுதேன். நாற்பத்தேழு வயசு, கணக்கு டீச்சர். வெட்கக்கேடு.

ஆக. 30, சனி

தம்பி சேவியரோடு சண்டை. இந்த வீட்டில் நானும் அவனும் மட்டும். சண்டை வந்தால் சமாதானம் பண்ணி வைக்கக்கூட ஆள் கிடையாது.

"அக்கா, அழுவாத. அவருக்கு முப்பத்தஞ்சு வயசு. இன்னும் ஒரு வருஷம் ஓடுவாரு, அப்புறம் முட்டி போயிடும். அதுக்கு முன்னாடியே அனுப்பிட்டு சின்னப் பசங்கள எடுக்கறதுதான் கரெக்ட்."

"போன வருஷம் அதிக கோல் யாருடா?"

"அது போன வருஷம்."

சேவியர் தி.நகரில் ஒரு கம்பெனியில் எச்.ஆர். அங்கே பேசிப் பேசி நாக்கில் ஒட்டிக்கொண்ட பாஷை. இவனும் ஆட்களை ஒரு வரியில்தான் அனுப்புகிறானோ என்னவோ. தட்டை எடுத்துக்கொண்டு போய் உள் ரூமில் சாப்பிட்டேன். சாம்பாரில் உப்பு இல்லை, சொல்லவும் இல்லை.

ரசிகர் வாட்ஸப் குரூப்பில் வந்தவை:

– இருபத்தஞ்சுக்கு மேல ஒருத்தன் இல்ல. ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டே மாதிரி கீது டீமு.
– எமோஷனல் ஆவாதீங்க பாஸ், இது பிசினஸ்.
– அவரு எங்க ஓடுனாரு? நடந்துக்கினு இருந்தாரு.
– அவரு ஓடல மச்சி. பந்த ஓட வுட்டாரு.
– போறவன் போவட்டும், ஜெர்சிதான் பெருசு.
– (ஒரு அழுகிற பொம்மை. வேறு ஒன்றுமில்லை.)

நான் அந்தப் பொம்மையின் கட்சி.

செப். 2, செவ்வாய்

நொச்சிக்குப்பத்தில் மீன். நெத்திலி நன்றாக இருந்தது. செல்வி ஆய்ந்துகொண்டே பேசினாள். மேட்ச் நாளில் சீக்கிரம் விற்று முடித்து, குளித்து, பூ வைத்துக்கொண்டு ஜெர்சியில் வருவாள். என் பக்கத்து இடம் எப்போதும் அவளுக்குத்தான்.

"டீச்சரக்கா, அண்ணாச்சி வேற டீமுக்குப் பூட்டாராமே?"

ஆமாம் என்றேன். வடக்கே ஒரு டீம். பேரை இந்த நோட்டில் எழுத மாட்டேன்.

"நல்லா ஆடிக்கினு இருக்கிற ஆள எவனாவது அனுப்புவானா? இன்னா மூளைக்கா அவனுங்களுக்கு?"

சேவியரின் பதிலைச் சொல்ல வாய் வரவில்லை. கூடுதலாக ஒரு கை நெத்திலி அள்ளிப் போட்டாள். துக்க வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற மாதிரி.

செப். 6, சனி

சாயந்திரம் திருவல்லிக்கேணி, பஷீர் பாயின் கண்ணாடிக் கடை. எங்கள் மீட்டிங் எல்லாம் அங்கேதான், ஃபிரேம்கள் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கும். இன்று ஒரு வாரம் கழித்து எல்லாருக்கும் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம். அட்டவணை வந்துவிட்டது. ஊரில் முதல் மேட்ச், அண்ணாச்சி போன டீமோடுதான்!

ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால், வார்ம்-அப் முடிந்ததும், அவன் மட்டும் தனியாக எங்கள் மூலைக்கு வருவான். இரண்டு கையையும் தூக்குவான். பஷீர் பாய் டிரம்மில் ஒரு குத்து அடி அடிப்பார். அவன் இரண்டு ஸ்டெப் போடுவான். ஆட்டம் கண்றாவியாக இருக்கும், இடுப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ஆடிவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடுவான். அதற்கப்புறம்தான் எங்களுக்கு மேட்ச்.

"எந்த ஜெர்சி போட்டுக்கினு வந்தா இன்னா டீச்சர், நம்ம மூலைக்கு வருவான். வந்தா நான் வுடமாட்டேன், டிரம்மு கிழியற வரைக்கும் அடிப்பேன். சரியா வழி அனுப்பி வெக்கணும் அவன" என்றார் பஷீர் பாய்.

கிளப் கொடுத்தது ஒரு வரி. நாங்கள் ஒழுங்காகக் கொடுத்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேண்டும் எனக்கு இந்த சீசனில். கோப்பை வேண்டாம்.

செப். 8, திங்கள்

மாதா பிறந்த நாள். அதிகாலையில் பெசன்ட் நகருக்கு நடந்தேன். காலில் கொப்புளம். கூட்டத்தில் ஒரு அம்மா குழந்தைக்காக, ஒரு பையன் விசாவுக்காக. நான் என்ன கேட்டேன் என்பதை ஃபாதரிடம்கூடச் சொல்ல முடியாது.

மிக்ஸி ஜாடி இன்னும் அப்படியே.

செப். 10, புதன்

போயிற்று. பயிற்சியில் அண்ணாச்சிக்குத் தொடை தசை பிடித்துவிட்டதாம். முதல் மேட்சுக்கு இல்லை. அந்த டீமே அறிவித்துவிட்டது.

சேவியர் செய்தியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று சொல்லியிருந்தால் தோசைக்கரண்டி பறந்திருக்கும். சொல்லவில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

செப். 11, வியாழன்

மறுபடி கண்ணாடிக் கடை. அவன் வரப்போவதில்லை, அதனால் கிளப்புக்கு உறைக்கிற மாதிரி ஏதாவது செய்வதென்று பேச்சு. டிரம் அடிக்க வேண்டாம் என்றார் பஷீர் பாய். டிரம் இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு மறைத்துவிடுவார்கள், யாருக்குத் தெரியும்? முதுகைக் காட்டுவோம் என்றேன். வார்ம்-அப்பிலிருந்து முதல் விசில் வரை, மூலை மொத்தமும் கிரவுண்டுக்கு முதுகு. போன் பையை விட்டு வெளியே வரக்கூடாது. போன் எடுத்தால் போட்டோ எடுக்கத் தோன்றும், போட்டோ எடுக்கத் திரும்பத் தோன்றும்.

"டீச்சர் டீச்சர்தான்" என்று கைதட்டினார்கள். எல்லாருக்கும் பிடித்துவிட்டது.

சேவியர் வர மாட்டானாம். "கோவம் கிளப் மேல. முதுகு யாருக்கு? ஆடுற சின்னப் பசங்களுக்கா? நான் மேல் ஸ்டாண்டுல உக்காந்து மேட்ச் பாக்கறேன்." பாரு, நன்றாகப் பாரு என்றேன். அதிலிருந்து பேச்சில்லை.

செப். 13, சனி

வானம் மூடியே இருந்தது. மழை இல்லை.

ஆட்கள் வார்ம்-அப்புக்கு வந்ததும் பஷீர் பாய் கையைத் தூக்கினார். திரும்பினோம். எதிரே சுவர், அதில் பான்பராக் துப்பல். பக்கத்தில் செல்வி, மல்லிகை வாசனை. ஸ்பீக்கரில் காதைக் கிழிக்கிற பாட்டு.

பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. சேவியராகத்தான் இருக்கும். மேலேயிருந்து பார்த்துக் கேலி பண்ணுவதற்கு. அதிரட்டும்.

நடுவில் மேல் ஸ்டாண்டில் பெரிய கைதட்டல். எழுந்து நின்று தட்டுகிற சத்தம். நல்ல ஆட்களைத் துரத்திவிட்ட டீமுக்கு எழுந்து நின்று கைதட்டல்! சொரணை கெட்ட ஜென்மங்கள் என்று வாய்விட்டே திட்டினேன்.

"இன்னாக்கா சத்தம்? லைட்டா பாக்கட்டா?" என்றாள் செல்வி.

"திரும்பாதே." அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

விசில் அடிக்கும் வரை ஒருத்தர் அசையவில்லை. பஷீர் பாய் டிரம்மைக் கட்டிப்பிடித்தபடி, கண்ணை மூடி நின்றார்.

மேட்ச்: தோல்வி. நடுவில் அண்ணாச்சி ஆடிய இடத்தில் ஒரு பையன். பந்து வந்தால் யாருக்காவது கொடுத்துவிட்டால் போதும் என்று இருக்கிறான். அவன் மேல் கோபம் வரவில்லை. இப்படியே போனால் கடைசி இடம்தான்.

ஆனால் ஒருத்தரும் திரும்பவில்லை. இந்த இரண்டு வாரத்தில் இன்றுதான் கொஞ்சம் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன். சேவியர் எனக்கு முன்னால் வந்து படுத்துவிட்டான். தோசை ஊற்றி மூடி வைத்திருந்தான்.

செப். 14, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்ததும் சேவியர் பைக் பக்கத்தில் நின்று கேட்டான்.

"நேத்து போன ஏன்க்கா எடுக்கல?"

"கேலி பண்ணத்தானே கூப்பிட்ட?"

"அண்ணாச்சி வந்திருந்தாரு."

விளையாட இல்லை. டீமோடு சும்மா வந்திருக்கிறான். டிராக்சூட், தொடையில் கட்டு. வார்ம்-அப் முடிந்ததும் நொண்டிக்கொண்டே கிரவுண்டைச் சுற்றி எங்கள் மூலைக்கு வந்திருக்கிறான். தனியாக. வந்து இரண்டு கையையும் தூக்கினானாம். டிரம் வரும் என்று நின்றானாம்.

"ரொம்ப நேரம் தூக்கிட்டே நின்னாருக்கா. அப்புறம் எறக்கிட்டாரு."

மேல் ஸ்டாண்டில் முதலில் எழுந்து கைதட்டியது சேவியர். அனுப்பியது கரெக்ட் என்று சொன்னவன். அவன் தட்டியதைப் பார்த்து மற்றவர்கள் தட்டினார்கள். சத்தம் கேட்டாவது நாங்கள் திரும்புவோம் என்று தட்டினானாம். ஒரு கையில் போனை வைத்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே.

சொரணை கெட்ட ஜென்மங்கள் என்று நான் சொன்னது அவர்களை.

சர்ச் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தெரிந்தவர்கள் எல்லாம் பிரஷரா டீச்சர் என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

செப். 15, திங்கள்

லீவ் போட்டேன். காய்ச்சல் என்று எழுதிக்கொடுத்தேன்.

பஷீர் பாய்க்கு யாரோ வீடியோ அனுப்பிவிட்டார்கள். உடனே எனக்குப் போன் பண்ணினார். "டீச்சர், நான் கண்ண மூடிக்கினு அவனத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். அல்லா மேல சத்தியமா. அவன் பின்னாடி நிக்கிறான்." அழுதார். அறுபது வயசு மனுஷர் அழுவதைப் போனில் கேட்கிற தண்டனை வேறு.

அவனுக்கு எழுதலாம் என்று நானும் பஷீர் பாயும் முயன்றோம். அவன் இன்ஸ்டா பக்கத்தில் கமெண்ட் மூடியிருக்கிறது. இங்கிலீஷில் ஒரு மெசேஜ் எழுதினேன். உனக்காகத்தான் முதுகைக் காட்டினோம் என்று. படித்துப் பார்த்தால் எனக்கே பொய் மாதிரி இருந்தது. ஆனாலும் அனுப்பினேன். இதுவரை பார்க்கவில்லை.

அவன் பேருக்குக் கீழே எங்கள் ஊர்ப் பெயரும் ஒரு சின்னப் படகுப் படமும் இருக்கும். எடுத்துவிட்டிருக்கிறான். சனிக்கிழமை மேட்சுக்கு அப்புறம் எடுத்தானா, டீம் மாறியபோதே எடுத்தானா? குரூப்பில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

செப். 16, செவ்வாய்

மீன் வாங்கப் போகவில்லை. போகிற தைரியம் இல்லை. கடைசியில் செல்வியே போன் பண்ணினாள்.

"நான் பாக்கட்டான்னு கேட்டேன்லக்கா."

"கேட்ட."

"நீதான புட்ச்சிக்கின."

"ஆமா செல்வி."

"சரி வுடு. நாளைக்கு சங்கரா வரும், எடுத்து வெக்கவா?"

திட்டியிருக்கலாம் அவள். வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கிளப் ஒரு போட்டோ போட்டிருக்கிறது, புதுப் பையன்கள் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். சீசன் டிக்கெட் பாக்கி மேட்சுகளுக்குச் செல்லும். போக மாட்டேன். எந்த மூலையில் போய் நிற்பது?

செப். 17, புதன்

ராத்திரி பெய்த மழையில் தெருவெல்லாம் தண்ணீர். ஸ்கூலுக்குப் போனேன். 8-ம் வகுப்புப் பேப்பரைக் கொடுத்துவிட்டேன். மார்க் எல்லாருக்கும் தாராளம்.

சாயந்திரம் சேவியர் டீ போட்டுக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தான். டம்ளரை வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தான்.

"என்னடா?"

"அன்னிக்கு ஒண்ணு சொல்லலக்கா. சொல்ல வேணாம்னு பாத்தேன்."

"சொல்லு. இதுக்கு மேல என்ன இருக்கு?"

"கைய எறக்கினதுக்கு அப்புறம் அவர் திரும்பிப் போகல. உங்களப் பாத்துட்டே பின்னாடி பின்னாடி நடந்தாரு. அந்தக் காலோட. ஒரு தடவ விழப் பாத்தாரு, லைன்ஸ்மேன் புடிச்சாரு. அப்பவும் உங்க பக்கம்தான் பாத்துட்டிருந்தாரு. உள்ள போற வழி வரைக்கும் அப்படியேதான் போனாரு."

"ஏன்டா அப்படி?"

"ஏன்னா? யாராவது திரும்புவீங்கன்னுதான்."