மீன் அட்டை ரெக்கார்டின் கடைசி மணி

12-6-94, ஞாயிறு

காலையிலேயே வெயில். தண்ணீர் லாரி வரவில்லை. சாந்தி இரண்டு குடத்தோடு பின் தெருவுக்குப் போனாள். நான் உட்கார்ந்து ரெக்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போகும்போது ஒரு பார்வை பார்த்தாள். பெண்டாட்டி பார்வைக்கெல்லாம் பயந்தால் பாட்டு கேட்க முடியாது.

பத்து மணிக்கு ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம், தனபாலின் கேசட் கடை. ஞாயிறு கேசட் பதிவு கிடையாது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே நாங்கள் நாலு பேர். நான், தனபால், ஆவடி சேகர், பூந்தமல்லி பார்த்தி. பார்த்தி புது சி.டி. பிளேயர் கொண்டுவந்திருந்தான். சிங்கப்பூர் மாமா கொடுத்ததாம். கூடவே நம் மீன் அட்டை ரெக்கார்டு, சி.டி.யில்! உறைமேல் அதே இறக்கை வைத்த மீன், தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கி.

1980-ல் நான் வாங்கிய ரெக்கார்டு. அயனாவரத்தில் ஆஸ்திரேலியா கிளம்பிய சட்டைக்கார ஆங்கிலோ இந்தியக் குடும்பம் சாமான்களை விற்றது. அம்மாவுக்கு டேபிள் ஃபேன் வாங்கப் போனவன் இதை வாங்கி வந்து அடி வாங்கினேன். இங்கிலீஷ் பாட்டு, இன்றுவரை ஒரு வரி புரியாது. ஆனால் எந்த இடத்தில் எந்த வாத்தியம் மூச்சு விடுகிறது என்று சொல்வேன். இந்த மூன்று பேருக்கும் மீன் அட்டையைக் காட்டியதே நான்தான். பார்த்திக்கு அப்போது மீசைகூட இல்லை. இப்போது பத்திரிகை படித்துவிட்டு ‘புரோகிரஸிவ் ராக்’ என்று எனக்கே பாடம் எடுக்கிறான்.

சி.டி. முழுதும் கேட்டோம். என் தீர்ப்பு:

1. டிரம்ஸ் மேல் கம்பளி போர்த்தியிருக்கிறார்கள்.
2. சிம்பல் தட்டு செத்துப்போச்சு. அடிப்பது தெரிகிறது, ஓசை இல்லை.
3. கடைசி மணி காணோம். இரண்டாம் பக்கம் முடியும்போது எல்லா வாத்தியமும் அடங்கி, முக்கோணக் கம்பியை யாரோ மூன்று தடவை தட்டுவார்கள். அதுதான் அந்த ரெக்கார்டின் உயிர். துடைத்து எடுத்துவிட்டார்கள்.

“மணி கீது அண்ணாத்தே. சும்மா கணீர்னு கேக்குது” என்றான் பார்த்தி.

“உன் கற்பனைல கீது.”

சேகரும் சேர்ந்துகொண்டான். “எனக்கும் கேட்டுச்சுபா.”

“பளபளன்னு கீதுன்னு மயங்கிட்டீங்க. காசு குடுத்துட்டோமேன்னு கேக்குறீங்க. இன்ஜினியர்னு எவனோ ஒரு கம்மனாட்டி புதுசா மிக்ஸ் பண்றேன்னு கொன்னு வச்சிருக்கான், அது தெரியல?”

தனபால் டேப் டெக் ஹெட்டைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே இருந்தான். கடைக்காரன், எல்லாரும் வேண்டும் அவனுக்கு.

பந்தயம்: அடுத்த ஞாயிறு என் கேசட்டையும் சி.டி.யையும் அடுத்தடுத்துப் போடுவது. சி.டி.யில் மணி இருந்தால் என் ரெக்கார்டு பார்த்திக்கு. இல்லையென்றால் ‘என் காது களிமண்ணு’ என்று அவன் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். என் ரெக்கார்டு பிளேயர் பெல்ட் அறுந்து மூன்று வருடம். தேயும் என்று ரெக்கார்டில் வருடத்துக்கு ஒரு தடவைதான் ஊசி வைப்பது; பொங்கலுக்குப் பொங்கல் தனபால்தான் ரெக்கார்டிலிருந்து எனக்குப் புதுக் கேசட் பதிந்து தருவான். அதில் மணி அப்படியே இருக்கிறது. வாடா பார்த்தி.

13-6-94, திங்கள்

ஜெனரல் ஷிப்ட். தகடு அடிக்கும் நூறு டன் பிரஸ்ஸில் புது டை, அதாவது அச்சு. மூன்றாவது அடியிலேயே சொல்லிவிட்டேன், இடது பக்கம் ஒரு நூல் ஏறியிருக்கிறது என்று. அளந்து பார்த்தார்கள். சரி. சூப்பர்வைசர் முதுகில் தட்டினார். “காதுன்னா காது!” பதினாலு வருடமாக இந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எனக்கு அதுதான் பெயர். பார்த்தி வந்து பார்க்கணும்.

வீட்டில் மகள் கவிதாவோடு சண்டை. பெரிய மச்சான் துபாயிலிருந்து அனுப்பிய டிஜிட்டல் வாட்ச், மணிக்கு மணி கீக் என்று அடிக்குமாம். ஒரு நாளும் கேட்டதில்லை. எங்கேயோ கீழே போட்டு உடைத்திருக்கிறாள்.

“அடிக்குது நைனா!”

“பொய் சொல்லாதே!”

அழுதாள். வாட்சைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். சாந்தி குறுக்கே வந்தாள்: “பக்கத்துல தான கீறோம், இன்னாத்துக்கு இப்டி ஊரே கேக்குற மாதிரி கத்துற?” நான் கத்தவே இல்லை.

சாம்பாரில் உப்பு இல்லை.

15-6-94, புதன்

புழுக்கம். மேகம் மட்டும் வந்து போகிறது.

வாட்ச் ரிப்பேர். கடைக்காரர் பட்டனை அமுக்கினார். “அடிக்குதே சார்.”

“எங்க அடிக்குது?”

மறுபடி அமுக்கினார். வாட்சைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு பேட்டரி மாற்றிக் கொடுத்துவிட்டார். மாற்றின பிறகும் அடிக்கவில்லை. ஏமாற்றுக்காரப் பயல்.

18-6-94, சனி

சி.டி. கம்பெனிக்குக் கடிதம். நான் தமிழில் சொல்ல, கவிதா இங்கிலீஷில் எழுதினாள். வாட்சைத் திருப்பிக் கொடுத்ததால் சமாதானம். ‘ஐயா, எங்கள் மணியை என்ன செய்தீர்கள்’ என்று ஆரம்பித்தேன். ‘எங்கள்’ வேண்டாம் நைனா, அவங்களதுதானே என்றாள். எங்களதுதான், எழுது என்றேன். முகவரி சி.டி. உறையில் இருந்ததை ஞாயிறன்றே குறித்து வைத்திருந்தேன். மதியமே போஸ்ட் ஆபீஸ் போய் லண்டனுக்குத் தபால் தலை ஒட்டிப் போட்டாயிற்று.

சாயந்திரம் அவளுக்கு மணி எது என்று காட்டக் கேசட் போட்டேன். அரை நிமிஷத்தில் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

“பல்லு கூசுது நைனா. உஸ் உஸ்ஸுனு. நிறுத்து.”

சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த காது. என்ன தெரியும்?

ஆனாலும் ராத்திரி சாப்பிடும்போது அதே நினைப்பு.

19-6-94, ஞாயிறு

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

கடைக்குள் நுழைந்ததுமே தனபால், “கேசட் வேணாம் மச்சான், டெக்கு ஹெட்டு சரியில்ல. சி.டி. மட்டும் போடலாம்” என்றான். போன வாரம் முழுக்கத் துடைத்தானே, என்ன சரியில்லை? நானே கேசட்டைச் செருகினேன். இதுவரை என் வீட்டைத் தவிர வேறெங்கும் ஓடாத கேசட்.

பார்த்தி முகம் சுளித்தான். சேகர் ஒரு காதை மூடிக்கொண்டான்.

“இன்னா அண்ணாத்தே இது? தகரத்துல ஆணியால கீறுற மாதிரி கீது. இதயா தெனம் கேக்குற?”

எனக்கு நன்றாக இருந்தது. டிரம்ஸ், சிம்பல், எல்லாம் அதனதன் இடத்தில். கடைசியில் மணி. மூன்று தடவை, லேசாக. “கேட்டியா!” என்றேன். “கேட்டுச்சு, காதுல ஊசி எறங்குன மாதிரி” என்றான் பார்த்தி.

பிறகு சி.டி. கடைசிப் பகுதி. எல்லாம் அடங்கியது. நான் காத்திருந்தேன். ஒன்றுமில்லை. நிமிர்ந்தால், பார்த்தி தலை ஆடியது. சேகர் தலையும் அதே சமயம். மறுபடி. மறுபடி. மூன்று தடவை. ஒருவரை ஒருவர் அவர்கள் பார்க்கக்கூட இல்லை. பேசி வைத்துக்கொண்டு அப்படி ஆட்ட முடியாது. தனபால் மட்டும் தலையாட்டவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் இருவரையும் டீக்கு அனுப்பினான். போனதும் சொன்னான்.

“மூணு வருசமா உனுக்கு மட்டும் ஈக்வலைசர ஏத்தித்தான் பதியறேன் மச்சான். கீச்சுன்ற மேல் சத்தத்த மட்டும்.”

“ஏன்?”

“மொத பொங்கலப்ப ஒரு கேசட் குடுத்தேனே, மந்தமா கீதுன்னு திருப்பிக் கொண்டாந்த. நான் கேட்டேன், சரியாத்தான் இருந்துச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சு?”

“சொன்னா நீ இங்க வரத உட்டுருவேன்னு...”

பிச்சை போட்டியா என்று கேட்டேன். அதைவிட மோசமாகவும் கேட்டேன், அவன் அம்மாவை இழுத்தேன். அவன் திருப்பி அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். போன ஞாயிறு நான் அத்தனை பேச்சு பேசும்போது பஞ்சால் துடைத்துக்கொண்டே இருந்தானே, அதை நினைத்தால் உடம்பு எரிகிறது. என்னை ஜெயிக்கவிட்டிருக்கிறான். மூன்று வருடமாக இந்தக் கடையில் நான் ஜெயித்த எல்லாச் சண்டையும் அவன் போட்ட பிச்சை.

அவர்கள் திரும்பியதும் பந்தயப்படி ரெக்கார்டைப் பார்த்தி கையில் கொடுத்தேன். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்காவது சொல்வான் என்று பார்த்தேன். அட்டையின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, பூச்சி அரித்திருக்கிறதே என்றான்.

21-6-94, செவ்வாய்

அரை நாள் லீவு. ஆவடியில் காது டாக்டர். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்றார்கள். ரொம்ப நேரம் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மிஷின் கெட்டுவிட்டதா என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

தாளில் ஒரு கோடு. நேராக வந்து திடீரென்று கிணற்றில் இறங்குகிறது.

“எங்க வேலை?”

“பிரஸ் ஷாப்.”

“எத்தன வருஷம்?”

“பதினாலு.”

“போனது திரும்பாது. இருக்கறத காப்பாத்திக்கங்க. காதுக்கு அடைப்பான் எதுவும் குடுக்கலியா?”

“குடுத்தாங்க சார்.”

கொடுத்தார்கள். 85-ல். மஞ்சள் ரப்பர், சின்ன பிளாஸ்டிக் டப்பாவில். எல்லாருக்கும் கொடுத்தார்கள், மாட்டியவர்கள் ஒன்றிரண்டு பேர். அவர்களைப் பார்த்து ‘இன்னாடா, கம்மலா?’ என்று கேட்டுச் சிரித்தவர்களில் முதல் ஆள் நான். டை சரியாக உட்கார்ந்ததா என்று சத்தத்தில்தானே தெரியும்? காதை அடைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது? காது நல்ல காது என்ற திமிர். அந்தக் காதாலேயே இந்தக் காதை ஒழித்தேன். டப்பா இன்னும் வீட்டில் இருக்கிறது. கேசட் ஸ்க்ரூ போட்டு வைத்திருக்கிறேன்.

அப்புறம் எப்படி டை சத்தம் மட்டும் தெரிகிறது என்று டாக்டரிடம் கேட்டேன். அது அடி சத்தம், தடித்த சத்தம், அது கேட்கும் என்றார். இடிப்பதெல்லாம் கேட்குமாம். இனி அது மட்டும்தான்.

வீட்டில் சாந்தியிடம் சொன்னேன். “அப்ப நான் இத்தினி நாளா உள்ளேருந்து கூப்ட்டப்பல்லாம் நீ வேணும்னே சும்மா இருக்கலியா?” என்றாள். எத்தனை சண்டை அதற்கு. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

கவிதா வாட்சை என் காதருகே கொண்டுவந்து பட்டனை அமுக்கினாள். முகம் இவ்வளவு பக்கத்தில்.

“இப்ப நைனா?”

“கேக்குது” என்றேன்.

அவள் சிரித்தாள். கையில் எண்ணெய் வாசனை.

23-6-94, வியாழன்

வேலைக்குப் போனேன். ஸ்டோரில் புது அடைப்பான் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, “இன்னாய்யா காது, நீயுமா?” கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அது சுலபம்.

அந்தக் கடிதம் வேறு. இப்போது கடலுக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். லண்டனில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் பிரித்து, இந்தக் கள்ளிக்குப்பத்திலிருந்து ஒருவன் மணி காணோம் என்று திட்டியிருப்பதைப் படிப்பான். எடுத்துப் போட்டுக் கேட்டுப் பார்ப்பான். மணி இருக்கும். நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிப்பான். தபாலை மறித்துத் திரும்ப வாங்க வழி உண்டா என்று போஸ்ட் ஆபீஸில் கேட்டேன். அங்கிருந்த கிளார்க்கும் சிரித்தார்.

வீட்டில் கேசட் போட்டேன். பத்து நிமிஷத்தில் நிறுத்தினேன். யாரோ எனக்கு ஊட்டிவிடுகிற சோறு.

26-6-94, ஞாயிறு

காலையில் மழை. முதல் மழை. அஸ்பெஸ்டாஸ் கூரையில் விழுவது கேட்டது. முன்பு தகரத்தில் சொட்டுவதும் தனியாகக் கேட்கும். இப்போது கேட்கவில்லை. அல்லது நான் தேடுகிறேன்.

போகக் கூடாது என்றிருந்தேன். பதினோரு மணிக்கு ஓ.டி.யில் நின்றேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே தனபால் மட்டும். பார்த்தியும் சேகரும் மழையால் வரவில்லையாம். நம்பவில்லை. வர வேண்டாம் என்று இவன் சொல்லியிருப்பான்.

மன்னிப்பு கேட்க வரவில்லை. கேட்கவும் இல்லை. அவன் ஸ்டூலை என் பக்கம் தள்ளினான். மேஜைமேல் என் மீன் அட்டை. பார்த்தியிடமிருந்து பதிவுக்கென்று வாங்கி வைத்திருக்கிறான்.

“பழைய கேசட்டு தேஞ்சிருக்கும். புதுசு போடவா மச்சான்?”

தெருவைப் பார்த்தேன். பஸ் ஒன்று தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போனது.

“போடு.”

“சும்மா அப்டியே போடவா, இல்ல...”

அவன் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். வெட்கத்தை விட்டு.

“ஏத்திப் போடு. மணி கேக்கணும். போன வாட்டிய விட ஜாஸ்தியா, முழுசா ஏத்து.”

தனபால் ஈக்வலைசர் பக்கம் திரும்பினான். கை வைக்கவில்லை. வலது ஓரத்தில், மேல் சத்தத்துக்கான கடைசிக் குமிழ் ஏற்கெனவே மேலே முட்டிக்கொண்டிருந்தது.

“பொங்கலுக்கே முழுசாத்தான் மச்சான் வச்சேன்” என்றான். “இதுக்கு மேல இதுல இல்ல.”