சேவல் பெட்டியும் கப்பல் பெட்டியும்

தாயில்பட்டி
14.11.2006

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இன்றைய தேதிக்குச் சுகம், அங்கே பம்பாயில் நீயும் பேத்தியும் சுகந்தானா, உன் சமையலைத் தின்றும் மாப்பிள்ளை திடமாக இருக்கிறாரா என்று எழுதவும். பயந்துவிடாதே தாயி, முழுசும் படி. அம்மாவுக்குப் பிரஷர், சுகர் இரண்டுக்கும் மாத்திரை கொடுக்கிறார்களே, அட்டையில் இருப்பது இங்கிலீஷ், நான் படித்ததோ இரண்டாம் வகுப்பு. அதனால் எல்லாவற்றையும் அட்டையிலிருந்து பிதுக்கி, அம்மா வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீசில் கழித்துப் போட்ட காலிப் பெட்டிகளில் போட்டு வைத்தேன். சேவல் படம் பிரஷர், கப்பல் படம் சுகர். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். போன வாரம் மழையில் அடுப்பங்கரைத் தீப்பெட்டி நமுத்துப்போக, உன் அம்மா சேவல் பெட்டியில் இருந்த மாத்திரையைக் கப்பல் பெட்டியில் கொட்டிவிட்டு, அதில் புதுக் குச்சியை நிரப்பிவிட்டாள். இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆபீசில் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தவள் வேர்த்துக் கொட்டி அப்படியே சாய்ந்துவிட்டாள். கூட வேலை பார்க்கும் செல்லக்கனிதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எனக்கு ஆள் அனுப்பினாள். சுகர் மாத்திரை கூடிப்போய் சுகர் இறங்கிவிட்டதாம். குளுக்கோஸ் ஏற்றி மறுநாள் அனுப்பினார்கள். நர்சம்மா என்னைப் பிடித்துக்கொண்டு, அட்டையை விட்டு எதுக்குய்யா பிரிச்சீக, பேரும் தேதியும் அதுலதானே இருக்கு, மாத்திரை என்ன பொரிகடலையா என்று கேட்டார். கலந்ததை எல்லாம் வாங்கிக்கொண்டு, புது அட்டை ஒன்றில் சிவப்புக் கோடும் மற்றதில் வட்டமும் போட்டுக் கொடுத்தார். அட்டையோடேயே தனித்தனி டப்பாவில் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.

அது இருக்கட்டும், என் குழப்பமே வேறு. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது அம்மா உள்ளங்கையில் இரண்டு மாத்திரையை நீட்டி, இந்தாங்க, பிரஷருக்கு ஒண்ணு சுகருக்கு ஒண்ணு இருக்கா பாருங்க என்றாள். நான் கண்ணாடியை விட்டுத் திரும்பாமல், எல்லாம் சரியாத்தான் இருக்கு, முழுங்கு மகராசி என்றேன். யார் எடுத்துக் கொடுத்தது என்று நர்சம்மா கேட்டதற்கு, நானாத்தான் எடுத்தேன், அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது என்று சொல்லிவிட்டாள். என் மீசையைக் கூட விடாமல் கேலி பேசுகிறவள், வீட்டுக்கு வந்தும் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மறந்துவிட்டாளா, மறைக்கிறாளா, நான் கேட்கலாமா கூடாதா, ஒன்றும் விளங்கவில்லை. இப்போது தினமும் நான்தான் மூக்குக்கண்ணாடி போட்டு, கோடா வட்டமா என்று இரண்டு தடவை பார்த்துக் கொடுக்கிறேன். அவள் பார்க்காமலே வாங்கி விழுங்குகிறாள்.

பேத்தியின் காய்ச்சல் மருந்தை ஜன்னலில் வைக்காதே, எட்டாத உயரத்தில் பூட்டி வை. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள். போனில் அம்மாவிடம் இதைக் கேட்டுவிடாதே.

உன் அப்பா,
செல்லச்சாமி