வெள்ளையைப் பிடித்துப் போகும் லாண்ட்மாஸ்டர்

1993 தை (ஜனவரி) 9, சனி

விடிய நல்ல பனி. ஒழுங்கையில் நேற்றுப் போட்ட சுண்ணாம்புக் கோடு பாதி கரைந்து சேறு. திரும்பவும் முதலிலிருந்து. எரிச்சல்.

எங்கள் இரண்டு சக்கர உழவு மெஷின், லாண்ட்மாஸ்டர், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தானாகப் போக வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை. முன்னுக்கு ஒரு தகரப் பெட்டி. உள்ளே சின்ன பல்ப், பழைய றேடியோவில் கழற்றிய றான்சிஸ்ரர் இரண்டு. மேலே உள்ள கறுப்புப் பெயின்ரைச் சுரண்டிவிட்டால் அதற்கு வெளிச்சம் தெரியும். வெள்ளை எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கக் கிளச்சை வைப்பர் மோட்டர் இழுக்கும். வண்டி திரும்பும். ரெக்னிக்கல் கொலிஜில் இதைச் சொன்னபோது சேர் சிரித்தார். அடுத்த நாளிலிருந்து நான் போகவில்லை.

அக்கா: “நீயே பிடிச்சு ஓட்டினா என்னடா? கை தேஞ்சு போயிடுமோ?”

“நான் கொழும்புக்குப் போனாப் பிறகு ஆர் பிடிக்கிறது?”

அவள் சட்டியை ஓங்கி வைத்தாள்.

அத்தானுக்குக் கண் சரியில்லை. “கொஞ்சம் மங்கல்தான், பகலிலை பிரச்சினையில்லை” என்பார். வெங்காயம் சாவகச்சேரிச் சந்தைக்குப் போகாவிட்டால் வீட்டில் உலை வைக்க முடியாது. ஓட்ட ஆள் வேண்டும். அது நான்தான் என்று உரும்பிராய் ஊர் முழுக்க முடிவுகட்டியாயிற்று, என்னை மட்டும் கேட்கவில்லை. வருகிற சனி, கொழும்புக்குப் போக விடுகிற பாஸ் எடுக்கப் போக வேண்டும். அதற்குள் இது ஓட வேண்டும்.

தை 11, திங்கள்

மத்தியானம் நல்ல வெயில். பற்றரி இறங்கிவிட்டது. றேடியோ திருத்துகிற நந்தன் வந்தான். உதவிக்கு என்று பார்த்தால் வாய்தான்.

“சாவகச்சேரி வரைக்கும் சுண்ணாம்பு போடப் போறியோ?”

“முதல்லை ஒழுங்கை.”

“எதிரை ஆடு வந்தா?”

“அத்தான் மேலை இருப்பார். கிளச்சைப் பிடிப்பார்.”

“அப்ப அவர்தானே ஓட்டுறார். உன்ரை பெட்டி என்னத்துக்கு?”

போடா என்றேன். போகும்போது என் சொல்டரிங் ஈயத்தையும் கொண்டுபோய்விட்டான். அவன் கேட்டது இன்னும் காதில். நாய்.

தை 13, புதன்

ஓடியது. பின்னேரம், ஒழுங்கைத் தொங்கல் முனையிலிருந்து எங்கள் வாசல் படலை வரைக்கும், நான் கை வைக்காமல். முதலாம் கியர், ஆமை வேகம். பரமேஸக்கா வீட்டு முடக்கில் கோட்டோடு வளைந்தும் போனது. யாரும் பார்க்கவில்லை. ஒரு நாயைத் தவிர.

அத்தானிடம் சொன்னேன். “நாளைக்கு நல்ல நாள், ஏறிப் பாப்பம்” என்றார்.

அக்கா உலக்கையைத் தந்தாள். கோலத்துக்கு மா இடித்துக் கொடுத்தேன். கரும்பு, புதுப்பானை, மாவிலை எல்லாம் நான்தான். கை நோகுது.

தை 14, வியாழன். பொங்கல்

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பொங்கிப் படைத்து முடிய, அத்தான் புது வேட்டியோடு ஏறினார். நான் பக்கத்தில் நடந்து, தலையைக் குனிந்து மோட்டரையே பார்த்துக்கொண்டு. முடக்கு வந்தது. வண்டி வளையவில்லை. நேரே பரமேஸக்காவின் படலைக்குள் போனது.

கோலம். படலையிலிருந்து முற்றம் வரைக்கும், என் சுண்ணாம்பைவிட வெள்ளையாக, அகலமாக. ஒழுங்கை முழுக்கக் கோலம். பொங்கலன்று வேறு என்ன இருக்கும்? நேற்று மா இடித்தவன் நான். ஒரு நிமிடம் யோசித்தேனா? இல்லை.

முற்றத்தில் அடுப்பு, பானை, கும்பிட்டபடி பரமேஸக்கா. ஓடிப்போய் நிற்பாட்டினேன். பானைக்கு ஒன்றுமில்லை. கோலம் பாதி வண்டிச் சில்லில்.

“பொங்கலுக்கு வாறதெண்டா மனுசர் மாதிரி நடந்து வாங்கோவன்” என்றா பரமேஸக்கா.

அத்தான் சிரித்துக்கொண்டு இருந்தார், கை இரண்டும் மடியில். “ஏன்ரா நிப்பாட்டினாய்? நேராத்தானே போகுது.”

பரமேஸக்கா அவருடைய முகத்தைப் பார்த்தா. பிறகு என்னை. அதற்குப் பிறகு பகிடி இல்லை, அத்தானிடம் கையை நீட்டினா. “இறங்குங்கோ தம்பி, கையைத் தாங்கோ. பொங்கல் புக்கை சாப்பிட்டுப் போகலாம்.”

புக்கை இனித்தது. இலையைப் பாதியிலேயே மடித்தேன்.

தை 15, வெள்ளி

வெயில். பட்டிப்பொங்கல். பக்கத்து வீட்டு மாட்டுக்குப் பொட்டு, மாலை.

அத்தானைக் கேட்டேன், கோபமாகத்தான். “எவ்வளவு நாளா?”

“கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசல்லை உன்ரை அக்கா ஏத்தின பந்தம் எனக்குத் தெரியேல்லை.”

“ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா நீ போகமாட்டாய்.”

“நேற்று படலை தெரியேல்லையோ?”

“முன்னுக்கு வெள்ளையாத் தெரிஞ்சுது. அதுதான் உன்ரை கோடு எண்டு நினைச்சன்.”

பெட்டி செய்த அதே பிழை. பெட்டியைக் கழற்றிவிட்டேன். ஒரு ஸ்குரூ துருப்பிடித்துக் கையைக் கிழித்தது.

அக்கா: “பாஸுக்கு நாளைக்கு எப்ப வெளிக்கிடுறாய்?”

“நாளைக்கு வெங்காயம் ஏத்தவேணும்.”

“அத்தான் கேட்டவரோ?”

“வெங்காயம் அழுகுது. வேறை என்ன?”

அடுப்பை ஊதுவதுபோல் அங்காலே திரும்பிக்கொண்டாள்.

பின்னேரம் அத்தான் கூப்பிட்டார். வெள்ளை மட்டும் கொஞ்சம் தெரியுதாம். “மிச்சச் சுண்ணாம்பு கிடக்கே? கிணத்தடிக்கு ஒரு கோடு போட்டு விடு. அக்காவை ஒவ்வொருக்காலும் கூப்பிடேலாது.”

சுண்ணாம்பு வாளியைத் தூக்கிவந்து கோடு போட்டேன். வாசலிலிருந்து கிணறு வரைக்கும். அவர் வாளிக்கயிற்றோடு நடந்தார், மெதுவாக, காலைத் தடவித் தடவி. நடுவில் நின்றார்.

“கோணலாப் போட்டிருக்கிறாயடா.”

“கோணலெண்டா கோணலா நடவுங்கோ.”

நடந்தார். கோட்டிலிருந்து விலகவில்லை.